டிசெக்‌ஷன்: அறுத்தது யார்?

தருமபுரியில் நான் வேலை பார்க்கும் எக்கோ (இதய ஸ்கேன்) அறை வாசலில், ரிப்போர்ட்டைப் பிடித்தபடி ஒரு பையன் கேட்டான்: "அப்பாவை அறுத்துப் பாத்தீங்களா சார்? டிசெக்‌ஷன்னு போட்டிருக்கே?" உயிரியல் பாடத்தில் தவளையை அறுப்பதற்கும் அதுதானே பெயர். பையன் கேட்டதில் பிழையே இல்லை.

லத்தீனில் 'டிஸ்' என்றால் விலக்கி. 'செகாரே' என்றால் வெட்டு. வெட்டி விலக்குவது டிசெக்‌ஷன். 1760இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இறந்தபின் உடலை ஆய்ந்த மருத்துவர் ஃபிராங்க் நிக்கோல்ஸ், இதயத்தின் பெருங்குழாய்ச் சுவர் அடுக்கடுக்காகக் கழலும் இந்தக் கோளாறை விவரித்தார். 1819இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் இதைக் 'கூறுபடுத்திச் செல்லும் வீக்கம்' என்ற பொருளில் எழுதினார். அந்தச் சொல்லில் அறுப்பவர் மருத்துவர் அல்ல, ரத்தம்தான். இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயின் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளடுக்கு கிழிந்தால், ரத்தம் அந்த வழியே புகுந்து நடு அடுக்கைப் பிரித்துக்கொண்டே போய்ப் பொய்வழி ஒன்றை உண்டாக்கிவிடும்.

அந்தக் குழாய் அயோர்ட்டா. தூக்கு, தொங்கவிடு என்னும் கிரேக்க வினையிலிருந்து வந்த பெயர். நாம் சொல்லும் பெருந்தமனியில் உள்ள 'தமனி', ஊது என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது.

தமிழில் 'பெருநாடிப் பிளவு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பிளவு என்றால் சுவர் இந்தப்பக்கமிருந்து அந்தப்பக்கம் வரை விட்டுப்போனதாகத் தோன்றும். அது வெடிப்பு, வேறு ஆபத்து. இங்கே நடப்பது அடுக்கு விட்டு அடுக்கு கழல்வது. 'பெருந்தமனிச் சுவர் உரிவு' என்பதே என் தேர்வு. பையனின் அம்மா புளி தட்டும் வேலைக்குப் போகிறவர். "பழுத்த புளியம்பழம் ஓட்டிலிருந்து கழலுமில்லையாம்மா, அப்படி" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டு, "அப்ப ஓடு தாங்குமா சார்?" என்றார். மருத்துவர் கேட்கும் கேள்வியே அதுதான். அன்றைக்கே சேலத்துக்கு அனுப்பினார்கள்.

எக்கோ என்றால் எதிரொலி. காதுக்குக் கேட்காத மீயொலியை நெஞ்சுக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குகிறோம். 1953இல் ஸ்வீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் இதயத்துக்கு இதைப் பயன்படுத்தினார்கள். அன்று என் திரையில், பெருந்தமனியின் கறுத்த உட்புறத்தில் வெள்ளை நூல் ஒன்று ஒவ்வொரு துடிப்புக்கும் படபடத்தது. உரிந்த உள்ளடுக்கு அது. பக்கத்தில் வால்வு கசிவதும், இதய உறைக்குள் நீர் சேர்ந்திருப்பதும் தெரிந்தால் நேரம் மிகக் குறைவு. முதுகுவரை பாயும் கடும் நெஞ்சுவலியை மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் போட்டுவிட்டால், உரிவில் அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஆனால் நெஞ்சின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவுக்குப் பெருந்தமனி முழுவதும் எட்டாது. அடிப்பகுதி நன்றாகத் தெரியும். வளைவும் முதுகுப்பக்க இறக்கமும் பல நேரம் மறைந்துவிடும். அதற்கு உணவுக்குழாய் வழி எக்கோவோ, ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனோ வேண்டும். அதனால் உரிவு கண்ணில் படாதபோது, ரிப்போர்ட்டில் 'உரிவு தெரியவில்லை' என்று எழுதுவேன். 'உரிவு இல்லை' என்று எழுத மாட்டேன்.