ஒப்புக்கொண்ட பிறகு தண்டனையைக் குறைக்க முடியுமா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மா வந்தார். மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இரண்டு தீர்ப்பு நகல்கள். "ஒம்போது மாசம்னு சொல்லித்தான் சார் பையன்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. ஜெயிலுக்குப் பையனைப் பார்க்கப் போனப்ப கேட்டா, இன்னும் பதினாலு மாசம்ங்கறாங்க. அப்பீல் போடுங்க சார்."

மகன் மேல் இரண்டு வழக்குகள். ஒன்று செல்போன் திருட்டு. மற்றது, வாடகைக்கு எடுத்த பைக்கை அடகு வைத்தது. அப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடப்பில் இருந்தது. இரண்டு குற்றங்களுக்கும் அதிகபட்சம் 3 ஆண்டு. ப்ளீ பார்கெயினிங், அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனைக்குப் பேசி முடிக்கும் மனு, போட்டதால் அதில் நான்கில் ஒரு பங்கு, வழக்குக்கு 9 மாதம். அதுவரை கணக்கு சரி. ஆனால் இரண்டாவது தீர்ப்பில் ‘முதல் வழக்கின் தண்டனையோடு ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்ற வரி இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் முதல் தண்டனை முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். முதல் வழக்கில் ஏற்கெனவே 3 மாதம் ரிமாண்டில் இருந்ததால் மீதி 6. இரண்டாவது வழக்கில் பி.டி. வாரண்டில் (ஒரு வழக்கில் சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காகக் கொண்டுவரும் உத்தரவு) அவனை ஆஜர்படுத்தி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் அங்கே கழிந்தது ஒரே மாதம், மீதி 8. ஆறும் எட்டும் பதினான்கு. அந்த ஒரு வரி இருந்திருந்தால் எட்டோடு முடிந்திருக்கும்.

அப்பீல் கிடையாது என்று அவரிடம் சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. 2006 ஜூலை 5 முதல் நம் நாட்டில் ப்ளீ பார்கெயினிங் நடைமுறையில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 289 முதல் 300 வரையிலான பிரிவுகளில் அது இருக்கிறது. பழைய சட்டத்திலும் புதியதிலும் ஒரு விஷயம் மாறவில்லை: இந்த முறையில் வந்த தீர்ப்பே இறுதியானது. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226, 227-வது உறுப்புகளின் கீழ் மனு, அவ்வளவுதான். இதற்கும், கோர்ட்டில் நின்று சாதாரணமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. அப்படி ஒப்புக்கொண்டவர், தண்டனை அதிகம் என்று அந்த அளவை மட்டும் எதிர்த்து அப்பீல் போகலாம். ப்ளீ பார்கெயினிங்கில் அந்த வழியும் இல்லை. இந்த வித்தியாசத்தை விளக்காமல் கையெழுத்து வாங்குவதை நான் பெரிய அநியாயமாகவே பார்க்கிறேன்.

ஆகவே, தண்டனைக் குறைப்புக்கான வாதமெல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே நடந்தாக வேண்டும்.

புதிய சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் இருக்கிறது. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவருக்கு நான்கில் ஒரு பங்குக்குப் பதில் ஆறில் ஒரு பங்கு. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு என்றால் 6 மாதம். வீடு புகுந்து திருடியதற்கு 7 ஆண்டு என்றால் 14 மாதம். குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்டுள்ள குற்றமாக இருந்தால், அந்தக் குறைந்தபட்சத்தில் பாதி. முதல்முறை என்றால் கால் பங்கு. இதை மனுவிலேயே எழுதிக் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட முடியுமா என்று கேட்க வேண்டும். நீதிமன்றம் அதையும் கேட்டுப் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். பல பேர் பங்குக் கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அவகாசமும் குறைவு. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த (முறையாகப் பதிவு செய்த) நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போட வேண்டும். அதன் பிறகு பாதிக்கப்பட்டவர், அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரி எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிக்க 60 நாள். 7 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கும், வரதட்சணைத் தடைச் சட்டம், எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் வரும் வழக்குகளுக்கும் இது பொருந்தாது. அதே குற்றத்தில் முன்பே தண்டனை பெற்றவருக்கும் கிடையாது.

மனு போட்டதும் நீதிபதி, எதிர்த்தரப்பு யாரும் இல்லாமல் குற்றம்சாட்டப்பட்டவரைத் தனியாக விசாரிப்பார். விருப்பப்பட்டுத்தான் போட்டாயா என்பதுதான் கேள்வி. நான் என் கட்சிக்காரர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுவேன்: அடிச்சு ஒத்துக்க வச்சாங்கன்னா அங்கே சொல்லு, அந்த அறையில்தான் சொல்லணும். பேச்சு முறிந்துபோனாலும் பயம் வேண்டாம். மனுவில் சொன்னதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

சின்னத் தண்டனை என்று ஆசை காட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, மேல் நீதிமன்றத்தில் தண்டனையைக் கூட்டுவது உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் அரசியலமைப்பின் 21-வது உறுப்புக்கு விரோதம் என்று திப்பேசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனையைக் கூட்ட நினைத்தால், முதலில் தீர்ப்பையே ரத்து செய்து, அவர் எதிர்த்து வழக்காட வாய்ப்பு தர வேண்டும் என்றது. ப்ளீ பார்கெயினிங் சட்டமாக வருவதற்கு முந்தைய தீர்ப்புதான். ஆனாலும் ஏமாற்றி வாங்கிய ஒப்புதலை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகும்போது நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

அந்தப் பையனுக்காக, தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு போட்டோம். உத்தரவு கிடைத்தது. ஆனால் அது கைக்கு வந்தபோது பத்து மாதம் ஓடிவிட்டது. இரண்டு மாதம் அவன் உள்ளே இருந்தது வீண்.

இன்னொன்றையும் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டனை எத்தனை சின்னதாக இருந்தாலும் இது தண்டனைதான், விடுதலை இல்லை. அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ காவல்துறை விசாரணை வரும்போது அது தெரியவரும். ஆதாரம் பலவீனமான வழக்கென்றால், நடத்திப் பார்ப்போம் என்றுதான் நான் சொல்வேன்.

காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 15100-க்குப் போன் செய்தாலே போதும். யார் ஆஜரானாலும், தீர்ப்பு சொன்ன அன்றே கோர்ட்டை விட்டு நகர்வதற்கு முன் அவரிடம் மூன்றைக் கேளுங்கள். ரிமாண்ட் நாட்கள் எத்தனை கழிந்தன? வேறு வழக்கு இருந்தால் ‘ஏககாலத்தில்’ என்ற வரி இருக்கிறதா? அபராதம் கட்டாவிட்டால் இன்னும் எத்தனை நாள்? சிறைக்குப் போகும் தண்டனை வாரண்டிலும் அதுவே எழுதியிருக்க வேண்டும். சிறையில் விடுதலைத் தேதியைக் கணக்குப் போடுவது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.