மேசை சின்னது

பெருமூளை வாதம் (சிறு வயதிலேயே மூளையில் ஏற்படும் பாதிப்பால் உடல் அசைவு தடுமாறும் நிலை, செரிப்ரல் பால்ஸி) உள்ளவர்களுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் பிசியோதெரபிஸ்ட். ஐந்து வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து வந்த பையனுக்கு இப்போது 26. கொஞ்ச நாளாக அவனுக்குக் கால் விறைப்பு கூடியிருந்தது. எந்தத் தசையை நீட்டிவிடலாம், காலைத் தாங்கிப்பிடிக்கும் ஸ்பிளின்ட்டை மாற்றலாமா என்று நானும் இன்னொரு தெரபிஸ்டும் அவன் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருக்க, எழுத்துப் பலகையைக் கேட்டு ஜாடை காட்டினான். கை ஒரு பக்கம் இழுக்க இழுக்க, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, நாலு நிமிடத்தில் இரண்டே சொல்: 'மேசை சின்னது.'

குனிந்து பார்த்தால் முட்டி இரண்டும் மேசையின் அடியில் இடித்துச் சிவந்திருக்கின்றன. மழலையர் மேசை. வாங்கியபோது சரியாகத்தான் இருந்தது. (26 வயதுக்காரரை நானே 'அவன்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.)

இப்படிப்பட்ட அமைப்புகள் பல, பெற்றோரின் ஆற்றாமையில் பிறந்தவை. 1952-இல் இங்கிலாந்தில் மூன்று பெற்றோரும் ஒரு சமூகப் பணியாளரும் சேர்ந்து ஒன்றைத் தொடங்கினார்கள். 1972-இல் பம்பாயில் மிது அலூர் தொடங்கியதும் மகள் மாலினியை மனதில் வைத்துத்தான். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் இல்லை என்றால் முதலில் பள்ளிதானே கட்டத் தோன்றும்? நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடுவதில்லை, போவதும் இல்லை, உடம்பு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது: எலும்பு வளரும் வேகத்துக்கு விறைத்த தசை ஈடுகொடுக்காது, மூட்டு வலி சீக்கிரமே வந்துவிடும், நடந்துகொண்டிருந்தவர்களில் சிலருக்கு நடுவயதுக்கு முன்பே நடை குறையும். பல மையங்களில் பதிவேடு 18 வயதோடு முடிந்துவிடுகிறது. நன்கொடை கேட்கும் அட்டையில் குழந்தைப் படம் போட்டால் பணம் வரும், நாற்பது வயதுக்காரரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கும் கருவிக்கு யாரும் எளிதில் தர மாட்டார்கள்.

அந்த இரண்டு அமைப்புகளின் பெயரிலும் முதலில் 'ஸ்பாஸ்டிக்' இருந்தது. அது தசை விறைப்பு என்ற ஒரு வகையை மட்டும் குறிக்கும் சொல், போதாததற்கு இங்கிலாந்தில் பள்ளிப் பையன்களின் வசைச்சொல்லாகவே ஆகிப்போனது. 1994-இல் அங்கே ஸ்கோப் என்று மாற்றினார்கள், இங்கே பின்னாளில் அடாப்ட் ஆனது. என்னைக் கேட்டால், பெயர்ப்பலகையை மாற்றுவது சுலபமான வேலை. முடிவெடுக்கும் இடத்தில் பெருமூளை வாதம் உள்ளவர்களையே உட்காரவைப்பதுதான் பாடு, ஏனென்றால் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க நமக்குப் பொறுமை இல்லை. நாங்கள் இப்போது பேசப்போகும் விஷயங்களை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுகிறோம், பதிலைத் தட்டச்சு செய்து கொண்டுவருகிறார்கள்.

அப்புறம், வீட்டில் இருப்பவர்களுக்கு: விறைப்பு திடீரென்று கூடினால் தசையை இழுக்கும் முன் உட்காரும் இடம், செருப்பு, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி எல்லாவற்றையும் பாருங்கள். முதலில் அவரிடமே கேளுங்கள்.

மேசை வாங்கும் குழுவில் இப்போது அவரும் ஓர் உறுப்பினர். முதல் கூட்டத்தை மாடியில் வைத்துவிட்டோம். லிஃப்ட் கிடையாது.