கூறெடுப்பு: ‘மாதிரி’ போதாத இடம்

கல்வியியல் ஆய்வேடுகளில் ஆய்வு முறையைப் பற்றிய இயலுக்கு வந்ததும் ‘மாதிரி’ தலைகாட்டிவிடும். ‘இந்த ஆய்வுக்கு 300 மாணவர்கள் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்’ என்று எழுதுவார்கள். சாம்பிள் என்பதற்கு நேரான தமிழ் இதுதான் என்று பழகிப்போய்விட்டோம். தவறென்று தள்ளிவிட முடியாது. துணிக்கடையில் கத்தரித்துத் தரும் துண்டும் மாதிரிதானே. ஆனால் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். மாதிரி வினாத்தாள், முன்மாதிரி, அவன் மாதிரி, ஒரு மாதிரி. தமிழ்நாட்டில் அரசு மாதிரிப் பள்ளிகள் என்று தனி வகைப் பள்ளிகளே உண்டு. ‘மாதிரிப் பள்ளிகளில் வாசிப்புத் திறன்’ என்று ஒருவர் தலைப்பு வைத்தால், அவை ஆய்வுக்காகப் பொறுக்கிய பள்ளிகளா, அரசு சிறப்பாக நடத்தும் பள்ளிகளா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போதாததற்குப் புள்ளியியலில் மாடல் என்பதையும் மாதிரி என்றே எழுதுகிறோம். ‘மாதிரியிலிருந்து மாதிரியை உருவாக்குதல்’ என்று ஒரு வாக்கியம் வந்தால் மொழிபெயர்ப்பாளர் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான்.

சாம்பிளின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘எக்ஸிமெரே’ என்றால் வெளியே எடுத்தல்; அதிலிருந்து வந்த ‘எக்ஸெம்ப்ளும்’ என்பது பலவற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஒன்று. பழைய பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்துக்கு வந்தபோது முதல் அசை தேய்ந்தது சாம்பிள் ஆயிற்று, தேயாமல் நின்றது எக்ஸாம்பிள். ஆக இரண்டும் ஒருதாய் மக்கள். வேரில் இருப்பது எடுத்தல் என்ற செயல். எடுத்தது மற்றவற்றைப் போல இருக்கும் என்ற உறுதியை வேர் தருவதில்லை. ‘மாதிரி’ என்ற சொல்லோ, ‘போல’ என்ற பொருளை முன்கூட்டியே உள்ளே வைத்துக்கொண்டு வருகிறது. எடுத்த பகுதி முழுமையைப் போல இருக்கிறதா என்பதுதான் ஆய்வாளர் நிறுவ வேண்டியது. அதைச் சொல்லே நிறுவிவிட்டதுபோல் ஆகிவிடுகிறது.

ஆகவேதான் தமிழ்நாட்டுப் புள்ளியியல் நூல்களில் வழங்கும் ‘கூறு’, ‘கூறெடுத்தல்’ என்ற சொற்கள் எனக்கு மேலானவையாகப் படுகின்றன. கூறு என்றால் பகுதி, பங்கு. சந்தையில் சாக்கை விரித்துத் தக்காளியைக் குவியல் குவியலாக வைத்து ‘கூறு இருபது ரூபாய்’ என்று விற்பவருக்கும் இந்தச் சொல் தெரியும். மேலே நல்ல பழத்தை வைத்து, அடியில் நசுங்கியதைத் தள்ளுவதும் அவருக்குத் தெரியும். அதற்கு ஆய்வுலகம் வைத்த பெயர் சார்பு. கூறு எதிலிருந்து எடுக்கப்படுகிறதோ அது முழுமைத் தொகுதி. எடுப்பதற்குக் கையில் வைத்திருக்கும் பெயர்ப்பட்டியல் கூறெடுப்புச் சட்டகம். இந்த இரண்டும் ஒன்றென்று நினைப்பதில்தான் பாதி ஆய்வுகள் கெடுகின்றன. ‘கூறுகெட்ட’ என்ற வசவை இங்கே பயன்படுத்தலாம்போல் தோன்றும், அடக்கிக்கொள்கிறேன்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற பழமொழியைக் காட்டி, கூறெடுப்பு நம்மிடம் முன்பே இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வேகிறது. அதனால் ஒன்றைத் தொட்டால் போதும். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் அப்படி வேகவில்லை.

பழமொழியைவிட உத்திரமேரூர்க் கல்வெட்டு நல்ல சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்த எழுத்துகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பின் பெயரைச் சேர்த்துக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனை அழைத்து ஒரு கட்டை எடுக்கச் சொல்லி, அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அவனையே ஓர் ஓலை எடுக்கச் செய்தார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கை மறைவில் ஓலையை மாற்றிவிடக் கூடாதல்லவா. அவர்கள் செய்தது தேர்தல், ஆய்வில்லை. ஆனாலும் 30 பிரிவிலிருந்தும் தனித்தனியே எடுப்பதை இன்று அடுக்குக் கூறெடுப்பு என்கிறோம். அதே கல்வெட்டு, குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்றும் சொல்கிறது: கால் வேலி அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேதக் கல்வியும் உள்ளவர். எடுத்த கை நேர்மையானது. சட்டகம் குறுகியது. அதற்கு வெளியே இருந்த உழுகுடிகள் பெயர், குடத்தை எத்தனை முறை குலுக்கினாலும் வரப்போவதில்லை.

ராண்டம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ‘சமவாய்ப்பு’ என்றும், இலங்கையில் ‘எழுமாற்று’ என்றும் எழுதுகிறோம். ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சில் கண்மூடித்தனமான பாய்ச்சலைக் குறித்த ஒன்றிலிருந்து வந்தது. ஆய்வில் அதற்கு நேர்மாறான ஒழுங்கு வேண்டும். வகுப்பறையில் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் வினாத்தாளை நீட்டுவது எழுமாற்றாகாது, அது வசதிக் கூறெடுப்பு. சமவாய்ப்பு என்ற சொல் இந்தத் தவறைத் தடுக்கிறது. ஆனால் அதிலும் ஓர் இடறல் உண்டு. எல்லோருக்கும் வாய்ப்பு சமமாக இருந்தே தீர வேண்டும் என்று விதி கிடையாது. ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு சுழியமாக இல்லாமல், அளவு தெரிந்ததாக இருந்தால் போதும். பொதுவாகச் சொல்ல ‘நிகழ்தகவுக் கூறெடுப்பு’ என்பதே பிசகில்லாதது.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் துணையோடு 2005 முதல் நடந்துவரும் அசர் கல்வி ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஊரக மாவட்டம் ஒவ்வொன்றிலும் 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள், ஆக 600 வீடுகள். கிராமங்களை எடுக்கும்போது வீடுகள் மிகுந்த ஊருக்கு வாய்ப்பும் மிகுதி: 400 வீடுள்ள ஊர் சிக்குவதற்கு 200 வீடுள்ள ஊரைப்போல இரு மடங்கு வாய்ப்பு. ஊருக்குள் போனதும் கணக்கு திரும்புகிறது. பெரிய ஊரில் 400இல் 20, சிறிய ஊரில் 200இல் 20. இரண்டு படியையும் பெருக்கிப் பார்த்தால் எந்த வீட்டுக்கும் வாய்ப்பு ஒன்றுதான். ஊருக்குள் வீட்டை எடுப்பதற்கும் விதி இருக்கிறது. ஊரை நான்காகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் இடக்கைப் பக்கமாகவே நடந்து ஐந்தாவது வீடு, அதற்கடுத்த ஐந்தாவது வீடு என்று போக வேண்டும். இது முறைசார் கூறெடுப்பு. திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுக்கும் வீட்டுக்கே கால் போவதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோருக்கு 1936ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் பழைய மருந்து. லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 60 சதவீத வாக்குக்கு மேல் பெற்றார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் வந்தவை. பதில் அனுப்பியவர்களோ அதிலும் ஒரு பகுதி. அதைவிட மிகச் சிறிய கூறை வைத்து வெற்றியாளரைச் சரியாகச் சொன்ன கருத்துக்கணிப்பாளர் காலப் அடுத்த நாளே புகழ்பெற்றார். இந்தியாவில் இந்தக் கலையை வேரூன்றச் செய்தவர் புள்ளியியலாளர் மகலனோபிஸ். 1930களின் பிற்பகுதியில் வங்காளத்துச் சணல் வயல்களை அளக்கத் தொடங்கிய அவருடைய முறைகள், 1950இல் தேசிய மாதிரி ஆய்வாக வளர்ந்தன. அரசுப் பெயரிலும் ‘மாதிரி’தான், அதை இனி மாற்ற முடியாது.

கூறெடுத்து அளந்தபின் வருவது ஒப்பிடுதல். ஒப்பிட்டு ஆராய்தலுக்கு ‘ஒப்பாய்வு’ என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு நூலை நாம் ‘ஒப்பிலக்கணம்’ என்று சொல்லிவருவதும் இதற்குத் துணை. ஒத்தல் என்றால் சமமாதல், பொருந்துதல். லத்தீன் ‘கொம்பராரே’ என்பதிலும் ‘பார்’, அதாவது சமம், இருக்கிறது. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஒப்பீடு. அவை ஒரே முழுமைத் தொகுதியைப் பற்றியவையா, ஒரே கருவியால் அளந்தவையா என்று முதலில் கேட்பது ஒப்பாய்வு.

அசர் முடிவையும் மத்திய அரசின் தேசிய அடைவு ஆய்வின் முடிவையும் எதிரெதிரே வைத்து, எது பொய் என்று கேட்கும் கட்டுரைகளை அடிக்கடி காண்கிறேன். அசர் வீட்டுக்குப் போகிறது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையும் அன்று பள்ளிக்குப் போகாத பிள்ளையும் அதில் உண்டு. ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கச் சொல்கிறது. நகரம் அதில் இல்லை. அடைவு ஆய்வு பள்ளிக்குப் போகிறது. 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10ஆம் வகுப்புகளில் வந்து அமர்ந்திருந்தவர்களைத்தான் அது சோதித்தது. நகரப் பள்ளிகளும் அதில் சேர்த்தி. சட்டகம் வேறு, கருவி வேறு, வயது வரம்பும் வேறு. இந்த நிலையில் ‘அடைவு ஆய்வு சொல்வதைவிட அசர் சொல்வது குறைவு’ என்று எழுதினால் அது வெறும் ஒப்பீடு. ‘பள்ளிக்கு வந்த பிள்ளைகளிடம் கண்டது இவ்வளவு, ஊரக வீடுகளில் இருந்த பிள்ளைகளிடம் கண்டது இவ்வளவு’ என்று எழுதினால், இரண்டுக்கும் இடையே விடுபட்ட பிள்ளைகள் யார் என்று தேடத் தொடங்கலாம்.