நாலு எஞ்சினா, ரெண்டு எஞ்சினா? வயதானவர்களுக்கு டிக்கெட் போடுமுன் வாசியுங்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்த கையோடு கேட்டார்: "தம்பி, நேர லண்டன் போற பிளேனுக்கு ரெண்டே ரெண்டு எஞ்சின்தானாமே. நடுக்கடலில ஒண்டு நிண்டுபோனா என்ன செய்யிறது?"

மகன் ரொறன்ரோவில் இருந்தபடியே தேடித் தேடி, டுபாயில் மாறி ஏ380இல் லண்டன் போகிற மாதிரி டிக்கெட் போட்டிருந்தார். நாலு எஞ்சின், இரண்டு தட்டு, அம்மாவுக்கு அதுதான் பாதுகாப்பு என்பது அவருடைய எண்ணம். டுபாயில் ஒன்பது மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். மாமிக்கு வயது 74, இரண்டு முழங்காலிலும் வாதம். கொழும்பிலிருந்து டுபாய் வரை அவர் ஏறப்போவதும் இரண்டு எஞ்சின் 777தான், அதுவும் அரபிக்கடலுக்கு மேலால் என்பதை மகன் கவனிக்கவில்லை.

நான் கட்டுநாயக்க விமான நிலையத்தில் 22 வருடமாக விமானப் பராமரிப்புப் பொறியியலாளர். கல்யாண வீடு, செத்த வீடு என்று எங்கே போனாலும் இந்தக் கேள்வி வரும். இந்தப் பயத்தில் நேரடி விமானத்தை விட்டுவிட்டு, நடக்கவே கஷ்டப்படுகிற பெற்றோரை ஊர் சுற்ற வைக்கிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

முதலில், ஒரு எஞ்சின் நின்றால் விமானம் விழாது. ஓடுபாதையில் வேகம் பிடித்து, இனிப் பிரேக் போட முடியாது என்ற கட்டத்தில் ஒன்று நின்றால்கூட, மிச்சம் இருப்பதைக் கொண்டே மேலெழ வேண்டும் என்பது எல்லாப் பயணிகள் ஜெட்டுக்கும் உள்ள விதி. நாலில் ஒன்று போனால் முக்கால் பங்கு வலு மிஞ்சும். இரண்டில் ஒன்று போனால் பாதிதான் மிஞ்சும். அதனால் இரட்டை எஞ்சின் விமானத்தை வடிவமைக்கும்போதே, ஒற்றை எஞ்சின் தனியாகத் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கு வலுவைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் ஓடுகிற சாதாரண நாளில் அதற்கு வலு தாராளம்.

இதை நம் ஊர் விமானங்களிலேயே பார்க்கலாம். ஸ்ரீலங்கன் பல வருடம் வைத்திருந்த ஏ340-300, நாலு எஞ்சின். இன்று லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் போகிற ஏ330, இரண்டு எஞ்சின். இரண்டும் உடன்பிறப்புகள், உடம்பும் இறக்கையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏ340இன் எஞ்சின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 34,000 இறாத்தல் உந்துவிசை தரும், நாலும் சேர்ந்தால் 136,000. ஏ330இன் ட்ரென்ட் 700 ஒவ்வொன்றும் 71,000, இரண்டும் சேர்ந்து 142,000. எஞ்சின் பாதியாகக் குறைந்தபோது வலு கூடியிருக்கிறது. 777-300ஈஆரின் எஞ்சின் இன்னும் பெரிது, ஒன்றே 115,000 இறாத்தல். அதன் முன்விசிறியின் குறுக்களவு 3.25 மீற்றர். அதற்குக் கீழே நின்று கையை நீட்டினாலும் மேல் விளிம்பு எனக்கு எட்டாது.

கடலுக்கு மேலே என்ன செய்வது என்ற மாமியின் கேள்விக்கும் விதியில் விடை இருக்கிறது. 1953இலிருந்து அமெரிக்காவில் இரட்டை எஞ்சின் விமானம், ஒரு எஞ்சினோடு 60 நிமிடத்தில் போய்ச்சேரக்கூடிய விமான நிலையத்தை விட்டு விலகிப் பறக்கக் கூடாது என்றிருந்தது. அன்றைய பிஸ்டன் எஞ்சின்களுக்கு அது சரியான பயம். ஜெட் எஞ்சின்கள் நம்பிக்கையானவை என்று நிரூபித்த பிறகு, 1985இல் 767க்கு 120 நிமிடம் கொடுத்தார்கள். 1988இல் 180 நிமிடம் வந்தது. 2014இல் ஏ350க்கு 370 நிமிடம் வரைக்கும் அனுமதி கிடைத்தது. எங்கள் தொழிலில் இதை ஈடொப்ஸ் என்போம். 180 நிமிட அனுமதிக்கு, அந்த வகை எஞ்சின் வானில் நிற்பது சராசரியாக 50,000 எஞ்சின் மணித்தியாலத்துக்கு ஒருமுறைக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு எஞ்சினை இரவு பகலாக ஐந்தரை வருடத்துக்கு மேல் ஓட்டினால்தான் அவ்வளவு மணித்தியாலம் வரும். கொழும்பிலிருந்து மெல்பேர்ன் போகும்போது கீழே வெறும் கடல்தான் தெரியும். ஆனால் எந்த இடத்தில் என்ன நடந்தால் எங்கே இறங்குவது என்பது புறப்படுமுன்னரே திட்டத்தில் இருக்கும். கொக்கோஸ் தீவு, பேர்த் போன்ற இடங்களில் அன்றைக்கு மழையா காற்றா என்று பார்த்த பிறகுதான் விமானம் நகரும்.

இந்த விதிகளில் எனக்கு ஆக முக்கியமாகப் படுவது பயணி ஒருபோதும் காணாத ஒன்று. இரவு விமானம் வந்து நின்றதும் எஞ்சின் உறையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து எண்ணெய் மட்டம் பார்ப்போம். குறைந்திருந்தால் ஊற்றி, எத்தனை குவாட் (ஒரு குவாட் ஏறக்குறைய ஒரு லீற்றர்) ஊற்றினோம் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதைப் பறந்த நேரத்தால் வகுத்தால் எஞ்சின் மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று தெரியும். நேற்றையதைவிடக் கூடியிருந்தால் காரணம் தெரியும்வரை அதைக் கடல் தாண்ட விடமாட்டோம்.

ஒரு நாள் புதிதாக வந்த தம்பி ஒருவர், இடது எஞ்சினில் உலோகத் துகள் பிடிக்கும் காந்தச் செருகியைக் கழற்றித் துடைத்துப் பூட்டிவிட்டு, அதே சாவியோடு வலது பக்கம் நடந்தார். "நில்லுங்கோ தம்பி, அதை வேற ஆள் செய்யட்டும்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவருடைய வேலை துப்புரவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஆள், ஒரே இரவில், இரண்டு எஞ்சினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. அப்படிச் செய்தால் ஒரு கையின் தவறு இரண்டு எஞ்சினுக்கும் போய்விடும்.

பிறகு அவரை உட்கார வைத்து 1983 மே மாதம் மியாமியில் நடந்ததைச் சொன்னேன். ஈஸ்டர்ன் எயார்லைன்ஸின் ட்ரைஸ்டார், மூன்று எஞ்சின். இதே காந்தச் செருகிகளை மாற்றியபோது எண்ணெய் கசியாமல் தடுக்கும் இறப்பர் வளையத்தைப் போடாமல் விட்டுவிட்டார்கள், மூன்றிலும். வானில் எண்ணெய் வடிந்து மூன்றும் நின்றன. கடைசி நேரத்தில் ஒன்றை மறுபடி இயக்கி இறக்கினார்கள், 172 பேரும் தப்பினார்கள். அதற்கு முந்திய வருடம் இந்தோனேசியாவில் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் எயார்வேஸ் 747க்கு நாலு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவை உயிர் பெற்றன. ஒரே காரணம் எல்லாவற்றையும் தொடும்போது எண்ணிக்கை காப்பாற்றாது. அந்தக் காரணத்தை வரவிடாமல் தடுக்கிற ஒழுங்குதான் காப்பாற்றும். இன்று அந்த ஒழுங்கு மிக இறுக்கமாக எழுதப்பட்டிருப்பது இரட்டை எஞ்சின் விமானங்களுக்குத்தான்.

அப்படியானால் பெரிய விமானங்கள் ஏன் குறைந்தன என்றும் கேட்கிறார்கள். பாதுகாப்புக் குறைவால் அல்ல. ஏ380 அருமையான விமானம், அவ்வளவு அமைதியான பயணிகள் அறையை நான் வேறு எதிலும் காணவில்லை. 2007 ஒக்ரோபரில் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் போய் சேவையைத் தொடங்கியது. 2021 டிசம்பரில் கடைசி விமானத்தை ஒப்படைத்தபோது கணக்கு 251தான், அதில் 123 எமிரேட்ஸ் ஒன்றே வாங்கியது. 747ஐயும் 2023 ஜனவரியோடு, 1,574இல் நிறுத்திவிட்டார்கள். ஐந்நூறு இருக்கை உள்ள விமானம் நிரம்பினால்தான் இலாபம். ஓகஸ்ட் விடுமுறையில் நிரம்பும், பெப்ரவரியில் யாரை ஏற்றுவது? நாலு எஞ்சின் என்றால் நாலு எஞ்சினுக்கும் பெரும் பழுதுபார்ப்புச் செலவு. ஹீத்ரோ போல ஓடுபாதையில் இடம் கிடைக்காத நிலையங்களுக்கு ஒரே தடவையில் அவ்வளவு பேரைக் கொண்டு போவது இன்றும் பலன் தரும். அதனால்தான் கொரோனாவில் ஒதுக்கியவற்றைச் சில நிறுவனங்கள் திரும்ப எடுத்தன. புதிய 777-9 வர வருடக்கணக்கில் தாமதமானதும் ஒரு காரணம்.

கொழும்புக்குக் கணக்கு வேறு. ஏ380இன் இறக்கை நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 80 மீற்றர், 777-300ஈஆருக்கு 64.8 மீற்றர். இவ்வளவு அகலமானதற்கு ஓடுபாதை மட்டும் போதாது, வளைந்து போகும் பாதை, நிற்கும் இடம், இரண்டு தட்டுக்கும் ஏறுவழி எல்லாம் வேண்டும். 2017இல் கட்டுநாயக்க ஓடுபாதையைப் புதுப்பித்த பிறகு, ஓகஸ்டில் எமிரேட்ஸ் ஏ380 ஒன்று ஒருநாள் வந்து போனது. ஒவ்வொரு நாளும் வருமளவுக்கு இங்கே கூட்டம் இல்லை. சரக்கும் முக்கியம். ஏ380இன் வயிற்றில் 38 கொள்கலம், 777-300ஈஆரில் 44. ஐந்நூறு பேரின் பெட்டியை ஏற்றிய பிறகு ஏ380இல் எவ்வளவு மிஞ்சும்? நம் சூரை மீனும் மரக்கறியும் ஆடைகளும் போவது பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான். கொழும்பிலிருந்து லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் நேரடியாகப் போக முடிகிறதென்றால் அது நடுத்தரக் கூட்டத்தோடும் கட்டுப்படியாகிற இரட்டை எஞ்சின் விமானத்தால்தான்.

ஆகவே டிக்கெட் போடுமுன் வேறு கேள்விகளைக் கேளுங்கள். நேரடி விமானம் இருக்கிறதா? மாற வேண்டுமென்றால் இடைநேரம் எவ்வளவு? இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டிலா, தனித்தனியாகவா? தனித்தனியென்றால் முதல் விமானம் பிந்தும்போது இரண்டாவது நிறுவனம் பொறுப்பெடுக்காது. தனியாகப் போகும் முதியவருக்கு அந்த நேரத்தில் பேசிச் சமாளிக்க மொழியும் இராது. சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுப் பதியுங்கள், கவுன்டரில் போய்க் கேட்கலாம் என்று விடாதீர்கள். மருந்துகளைக் கைப்பையில், வைத்தியரின் துண்டோடு வையுங்கள். நீண்ட பறப்பில் காலில் இரத்தம் கட்டாமல் இருக்க நடைபாதைப் பக்கத்து இருக்கை எடுத்துக் கொடுத்து, இடைக்கிடை எழும்பி நடக்கச் சொல்லுங்கள்.

மாமியின் மகனோடு அன்று இரவே கதைத்தேன். எண்ணெய்க் குறிப்பேட்டுக் கதையையும் மியாமிக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். டிக்கெட் மாற்றக் கொஞ்சம் காசு போனது. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து மாமி நேரடி விமானத்தில் போகிறார், நடைபாதைப் பக்கத்து இருக்கை, இரண்டு முனையிலும் சக்கர நாற்காலி பதிந்தாயிற்று.