பிழைத்தல்: ‘சர்வைவல்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்?

காட்டிலோ பனிவெளியிலோ ஆளில்லாத் தீவிலோ மாட்டிக்கொண்டவர்களின் கதையைத் தமிழில் பேசும்போது ‘சர்வைவல்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ‘சர்வைவல் கதை’, ‘சர்வைவல் த்ரில்லர்’ என்றெல்லாம் எழுதுகிறோம். தமிழாக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ‘உயிர்வாழ்தல்’ என்று போடுகிறார்கள். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் திண்ணையில் சாய்ந்து வெற்றிலை மெல்லுபவரும் உயிர்வாழ்கிறார்தான். சாவு கிட்டத்தில் வந்து நின்றுவிட்டு விலகிப்போனது என்ற செய்தி அந்தச் சொல்லுக்குள் இல்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘சூப்பர்’ என்றால் மேல், அப்பால். ‘விவெரே’ என்றால் வாழ்தல். இரண்டும் கூடி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒன்றைக் கடந்தும் வாழ்வது, இன்னொருவர் போன பிறகும் இருப்பது என்பதே அதன் அடிப்படை. ஆங்கில இரங்கல் குறிப்புகளில் இறந்தவரின் மனைவி மக்களைச் சொல்லும்போதும் இதே வினை வருவது அதனால்தான். அந்த இடத்தில் நாம் ‘அவருக்கு மனைவியும் இரண்டு மகள்களும் உள்ளனர்’ என்று எழுதிவிடுகிறோம், அதுவே போதும்.

தமிழில் இதற்குக் காலங்காலமாக இருக்கும் சொல் பிழைத்தல். ‘ஆள் பொழச்சிட்டானா?’ என்றுதான் ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிறோம். ‘உயிர்வாழ்கிறானா?’ என்று யாரும் கேட்பதில்லை. அன்றாடம் வாயில் புழங்கும் இந்தச் சொல்லுக்குள் ஒரு புதிர் இருக்கிறது. பிழை என்றால் தவறு. பிழைத்தல் என்றால் தவறு செய்தலும்தான், சாவிலிருந்து தப்புதலும்தான். ‘அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்ற சிலப்பதிகார வரியில் பிழைத்தோர் என்பவர்கள் ஆட்சிமுறையில் தவறியவர்கள். அதே பிழைத்தோர் இன்றைய செய்தித்தாளில் விபத்திலிருந்து உயிரோடு மீண்டவர்கள். ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் போனது?

திருக்குறளின் 772ஆம் குறள் எனக்கு இதை விளக்குகிறது. ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது.’ காட்டு முயலை வீழ்த்திய அம்பை ஏந்துவதைவிட, யானை மேல் எறிந்து குறி தவறிய வேலை ஏந்துவது இனிது என்கிறார் வள்ளுவர். இங்கே பிழைத்தல் என்றால் குறி தப்புதல். இந்த வினையின் மூலப்பொருள் இதுதான் என்று தோன்றுகிறது: போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் விலகிப்போவது. எறிந்தவன் பக்கம் நின்று பார்த்தால் அது பிழை. யானையின் பக்கம் நின்று பார்த்தால் அது பிழைத்துக்கொண்டது! ‘யானை பிழைத்த வேல்’ என்பதை இன்றைய காது ‘எந்த வேலுக்கு யானை தப்பியதோ அந்த வேல்’ என்றே கேட்கும். எப்படிக் கேட்டாலும் நடந்தது ஒன்றுதான்.

தப்பு என்ற சொல்லும் இதே தடத்தில்தான் நடக்கிறது. தப்பு என்றால் குற்றம், தப்புதல் என்றால் பிடிபடாமல் போதல். தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட இப்படித்தான். தவறுதல் மட்டும் எதிர்த் திசையில் போயிருக்கிறது. ‘பெரியவர் தவறிட்டார்’ என்றால் அவர் இல்லை. தவறியவர் போய்விடுகிறார், தப்பியவர் இருக்கிறார். மூன்று சொல்லுக்கும் அடியில் இருப்பது குறியும் அதிலிருந்து விலகுதலும்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனிடம் போகலாம். 1896இல் கனடாவின் யூக்கான் பகுதியில், க்ளோண்டைக் ஆற்றுப்படுகையில் தங்கம் கிடைத்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பிப் போனார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. ஒரு வருடத்துக்கு வேண்டிய உணவும் தட்டுமுட்டுச் சாமான்களும் இல்லாதவர்களைக் கனடாக் காவல்துறை எல்லையில் விடவில்லை. ஏறத்தாழ ஒரு டன் சுமை. சில்கூட் கணவாயில் பனியில் வெட்டிய படிகளில் அந்தச் சுமையை முதுகில் கட்டி, பகுதி பகுதியாக, திரும்பத் திரும்ப ஏறி இறங்கித்தான் கொண்டுபோனார்கள். 1897இல் அந்தக் கூட்டத்தில் போன இருபத்தொரு வயது இளைஞர் லண்டன். அங்கே ஸ்கர்வி நோய் கண்டு, பல் ஈறு வீங்கி, மறு ஆண்டே திரும்பினார். தங்கம் கிடைக்கவில்லை, கதைகள் கிடைத்தன.

கடுங்குளிரில் தனியாகப் போகும் ஒருவன் தீ மூட்ட முயலும் கதையை அவர் இரண்டு முறை எழுதினார். 1902இல் சிறுவர்களுக்கான இதழில் வந்த முதல் வடிவத்தில் அவனுக்குப் பெயர் உண்டு. கைவிரல்கள் மரத்துப்போய், பெரும்பாடு பட்டு, அவன் பிழைத்துவிடுகிறான். 1908இல் வந்த இரண்டாவது வடிவத்தில் அவனுக்குப் பெயரும் இல்லை, பிழைப்பதும் இல்லை. குளிர் சுழியத்துக்குக் கீழே 75 பாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 59 செல்சியஸ். பனிக்கு அடியில் உறையாமல் ஓடும் ஊற்றுநீரில் கால் நனைந்துவிடுகிறது. உடனே தீ மூட்டிக் காலை உலர்த்தாவிட்டால் கால் போய்விடும். தீயும் மூட்டுகிறான். ஆனால் மூட்டிய இடம் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடி. சுள்ளி ஒடிக்க ஒடிக்க மரம் குலுங்கி, கிளைகளில் சேர்ந்திருந்த பனி மொத்தமும் சரிந்து தீயை மூடிவிடுகிறது. வெட்டவெளியில் மூட்டியிருக்க வேண்டும். அது அவன் செய்த பிழை என்று லண்டனே அந்த இடத்தில் சொல்கிறார்.

பிழை செய்தான், பிழைக்கவில்லை. ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள், ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. தமிழில் ஒரே வேரில் இரண்டும் நிற்கின்றன. இந்த வகைக் கதைகள் எல்லாமே இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் நடக்கின்றன என்பேன். ஒன்று மனிதன் பிழை செய்ய வேண்டும், அல்லது சாவின் குறி பிழைக்க வேண்டும்.

பிழைத்தலோடு பிழைப்பைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிழைப்பு இன்று வயிற்றுப்பாடு, தொழில், அன்றாடம். ‘பிழைக்க வந்த ஊர்’, ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்பதெல்லாம் அந்தப் பக்கம். டேனியல் டீஃபோ 1719இல் எழுதிய ராபின்சன் குரூசோவின் கதையில், கப்பல் உடைந்து கரையொதுங்குவது பிழைத்தல். அதன்பின் ஆடு வளர்த்து, வாற்கோதுமை விதைத்து, மண்பானை சுட்டு, ரொட்டி தட்டித் தீவில் கழிக்கும் 28 ஆண்டுகள் பிழைப்பு. ஆகவே ‘சர்வைவல் ஸ்கில்ஸ்’ என்பதைப் ‘பிழைப்புத் திறன்’ என்று எழுதினால் வாசகர் வேலைவாய்ப்புப் பயிற்சியை நினைப்பார். ‘பிழைக்கும் வழி’, ‘உயிர்பிழைக்கும் திறன்’ என்றால் குழப்பமில்லை.

இயற்கையைச் சொல்லும் சொல்லிலும் கவனம் வேண்டும். ‘இயற்கையின் கொடுமை’ என்று சட்டென்று எழுதிவிடுகிறோம். கொடு என்றால் வளைவு. வளைந்த கோல் கொடுங்கோல், நேரான கோல் செங்கோல். நேராக இருக்க வேண்டியது கோணிப்போனால்தான் கொடுமை. அதற்கு நெறி தெரிந்த ஒருவர் வேண்டும். யூக்கான் பனிக்கு லண்டன் கதையின் அந்த மனிதன் யாரென்றே தெரியாது. அவன் மேல் அதற்குக் கோபமில்லை, இரக்கமும் இல்லை. அங்கே பொருந்தும் சொல் கடுமை: கடுங்குளிர், கடும்பசி, கடுங்கோடை. முல்லையும் குறிஞ்சியும் ‘முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து’ பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் சொல்லும்போதும், வெயில் ஒரு நிலத்தை என்ன செய்யும் என்றுதான் பார்க்கிறார். ஆளில்லாத வறண்ட வழிக்கு நம்மிடம் சுரம் என்ற அருமையான சொல்லும் இருக்கிறது. ‘வைல்டர்னஸ்’ என்பதை எங்கும் ‘வனாந்தரம்’ என்று எழுதுபவர்கள் ஒரு முறையாவது அதை எடுத்துப் பார்க்கலாம்.

உய்தல் இன்னொரு பழஞ்சொல். ‘எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்’ என்ற குறளில் பிழைத்தலும் உய்தலும் எதிரெதிராக நிற்பதைப் பாருங்கள். அங்கே பிழைப்பவர் குற்றம் செய்பவர், உய்பவர்தான் தப்புபவர். பின்னாளில் உய்வு பக்தியின் பக்கம் சென்று, பிறவியிலிருந்து கரையேறுவதற்கு உரியதாகிவிட்டது. பனிக்காட்டுக் கதையில் அதைப் போட்டால் கோயில் மணி கேட்கும். நோயை வென்றவர்களுக்கு ‘மீண்டவர்’ என்று எழுதுகிறார்கள், அது நன்றாக இருக்கிறது.

கடைசியாக ஒரு தொடர். ஆங்கிலச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கி, டார்வின் தம் நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்துக்கொண்ட ‘சர்வைவல் ஆஃப் த ஃபிட்டெஸ்ட்’ என்ற தொடரை ‘வல்லவன் வாழ்வான்’ என்று மேடையில் சொல்கிறார்கள். ‘தக்கன பிழைக்கும்’ என்பதே சரி. வல்லமை வேறு, தகுதி வேறு. லண்டனின் அந்த மனிதன் திடகாத்திரமானவன், கையில் எழுபது தீக்குச்சி வைத்திருந்தவன். அவனோடு வந்த நாய்க்கு ரோமம் இருந்தது, இந்தக் குளிரில் நடக்கக் கூடாது என்ற உணர்வும் இருந்தது. அவன் அசையாமல் உட்கார்ந்துவிட்ட பிறகு, அவன் மேல் சாவின் மணம் பட்டதும் பின்வாங்கி, நட்சத்திரங்களுக்குக் கீழே சற்று நேரம் ஊளையிட்டுவிட்டு, தீயும் உணவும் தருகிறவர்கள் இருக்கும் முகாமை நோக்கி அது நடந்தது.