மூளை நின்ற பிறகு மனம் எங்கே?

தக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பைக் விபத்தில் அடிபட்ட அவர் அண்ணனுக்கு மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் நெஞ்சு ஏறி இறங்கியதாம், கை சூடாக இருந்ததாம். "அண்ணனுக்க மனசு அப்பம் எங்க இருந்திருக்கும்? நாங்க பேசினது கேட்டிருக்குமா?"

நெஞ்சை அசைத்தது வென்டிலேட்டர். இதயம் துடிக்க மூளையின் உத்தரவு வேண்டாம். ஆக்சிஜன் கிடைக்கும்வரை சொந்த மின்துடிப்பில் ஓடும். சூடு அதனால்தான்.

மனம் ஓடுவது வேறொன்றில். ஒவ்வொரு நரம்பு செல்லின் சவ்விலும் நுண்ணிய பம்புகள் உண்டு. சுற்றுக்கு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். அதனால் உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வித்தியாசம் நிற்கிறது. ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் கோருவதுபோல, இந்த வேலை ஓயவே கூடாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்பதற்கு இது பெரிய காரணம். அம்மாவின் குரலை அடையாளம் காண்பதும் இந்த வித்தியாசத்தைச் செலவழித்துத்தான்.

ரத்தம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். செல்கள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தி, மிச்ச ஆற்றலைப் பிடித்து வைக்கும். சில நிமிடங்களில் பம்புகளும் ஓய, சோடியம் உள்ளே பாய்ந்து அந்த வித்தியாசம் சரிகிறது. அந்தச் சரிவு பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் அலையாக ஊர்கிறது. ஜெர்மனியின் ஜென்ஸ் டிரையர் குழு, 9 நோயாளிகளின் இறுதி நேரப் பதிவுகளை ஆராய்ந்து 2018-ல் இதை வெளியிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அலை கிளம்பியதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ரத்தம் சீக்கிரம் திரும்பினால் பம்புகள் மறுபடி ஓடும், வித்தியாசம் மீளும். 'செத்துப் பிழைத்தேன்' என்பவர்களுக்கு இதயம் நின்றது, மூளை சாகவில்லை.

மூளைச்சாவு என்பது அந்த வாய்ப்பும் தீர்ந்த நிலை. நான்கு டாக்டர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்கிறார்கள். வென்டிலேட்டரை விலக்கி, ரத்தத்தில் கரியமில வாயு ஏற விட்டு, ஒரு மூச்சாவது எழுகிறதா என்று பார்ப்பதும் அதில் உண்டு. கை அசைந்தாலும் அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயலே.

ஆகவே தங்கச்சி, அவர் கேட்டிருக்க மாட்டார். வலியும் இருந்திருக்காது. பம்புகள் நின்ற பிறகும் மனம் எங்கோ தங்குகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இதுவரை இல்லை. ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக் கடலில் முழுகிப் பலி கொடுப்பது பாசம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆவியைப் பேச வைக்கிறேன் என்று துக்க வீட்டில் காசு பறிப்பது கொடுமை.

அரசு பணம் போட வேண்டிய இடம் அந்த அலை. ஆசாரிப்பள்ளம் போன்ற மருத்துவக் கல்லூரிகளிலும் அதைப் படுக்கையருகே பதிவுசெய்து ஆராய வேண்டும். அலை கிளம்பிய பிறகு செல்கள் மீளும் அவகாசத்தைச் சில நிமிடங்கள் நீட்டத் தெரிந்தால், விபத்தில் அடிபட்டு வருகிறவர்களில் இன்னும் சிலர் வீடு திரும்புவார்கள்.