பாஸ்பேட்டிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

உலோகத்தின் மேல் பெயிண்டைப் பவுடராக அடித்து அடுப்பில் வேகவைக்கும் பவுடர் கோட்டிங் பட்டறைகளில் 'செவன் டேங்க்' என்றால் எல்லோருக்கும் தெரியும்: பவுடர் அடிக்கும் முன் தகட்டைத் தயார்செய்யும் ஏழு தொட்டிகள். எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் தொட்டி, துரு எடுக்கும் அமிலத் தொட்டி, நடுநடுவே அலசும் தண்ணீர்த் தொட்டிகள் என்று போகும் வரிசையில் பெரும்பாலும் ஐந்தாவதாக நிற்பது பாஸ்பேட்டிங். பளபளவென்று உள்ளே இறங்கும் இரும்புத் தகடு மங்கிய சாம்பல் நிறத்தில் மேலே வரும். பவுடருக்குப் பிடிமானம் அந்தச் சாம்பல் நிறப் படலம்தான்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'பாஸ்' என்றால் ஒளி, 'போரோஸ்' என்றால் ஏந்தி வருவது. கிரேக்கர்கள் விடிவெள்ளியை அப்படி அழைத்தார்கள். 1669இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சித் தங்கம் தேடப்போய், இருட்டில் ஒளிரும் ஒரு பொருளைக் கண்டார். பாஸ்பரஸ் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. அதன் அமிலத்திலிருந்து வரும் உப்பு பாஸ்பேட். இரும்புக்கு இதைப் பயன்படுத்தி 1906இல் காப்புரிமை பெற்றவர் பர்மிங்காமின் தாமஸ் வாட்ஸ் கோஸ்லெட். 'கோஸ்லெட்டைசிங்' என்று அவர் பெயரிலேயே வழங்கியது. பிறகு டெட்ராய்ட்டின் பார்க்கர் நிறுவனம் கையில் எடுக்க, துப்பாக்கித் தொழிலில் அது இன்றும் 'பார்க்கரைசிங்'.

தமிழில் 'பாஸ்பேட் பூச்சு' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பூச்சு என்றால் மேலே தடவுவது. இங்கே நடப்பது வேறு: பாஸ்பாரிக் அமிலம் இரும்பை லேசாக அரிக்கிறது. அரித்த இடத்தில் அமிலத்தின் வீரியம் குறைந்ததும், கரைசலில் இருந்த துத்தநாக பாஸ்பேட் கரைந்து நிற்க முடியாமல் அங்கேயே நுண்படிகமாகப் பற்றிக்கொள்கிறது. இரும்பும் இதில் ஒரு பங்காளி. சாயப் பட்டறைக்காரர்கள் துணிக்குச் சாயத்தைப் பூசுவதில்லை, ஏற்றுகிறார்கள். அந்த வழக்கைப் பிடித்து 'பாஸ்பேட் ஏற்றம்' என்பதே சரி என்பேன். பாஸ்பேட்டைத் தமிழாக்கும் முயற்சி வேண்டாம். பட்டறையில் யாருக்கும் புரியாது.

தகட்டில் எண்ணெய் மிச்சமிருந்தால் ஏற்றம் நடக்காது. அலசிய தகட்டில் தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் திரும்ப முதல் தொட்டிக்கே. அதேபோல, காய்ந்த தகட்டை விரலால் தேய்த்து வெள்ளைத் தூள் ஒட்டினால் அது ஏற்றம் அல்ல, வெறும் படிவு. அதன்மேல் அடித்த பவுடர் 180 டிகிரி அடுப்பில் நன்றாக வெந்து வந்தாலும் பின்னால் உரியும்.